நாவிதன்வெளியும் மடக்குக் கத்தியும்: பிடி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கத்தியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அலகின் வரலாற்றையே எழுதி அமைந்தனர். கல், செம்பு, வெண்கலம், இரும்பு என அலகு செய்த பொருளைக் கொண்டே மனித நாகரிகத்தின் காலங்கள் வகுக்கப்பட்டமை இதற்கு ஒரு காரணமாகும். மற்றொரு காரணம் மிக எளியது. அலகு மண்ணுட் புதைந்தும் எஞ்சக்கூடியது. மரத்தாலும் கொம்பாலும் இயன்ற பிடியோ உக்கி மண்ணாகிவிடும். அகழ்வாய்வாளர் கையிற் கிடைப்பது பல வேளைகளிற் பாதிக் கத்தியே. எஞ்சியதை வைத்து எழுதிய வரலாற்றிலே எஞ்சாதது இடம்பெறாது போயிற்று.

தமிழிற் பிடி என்னுஞ் சொல் கருவியின் உறுப்பையும், அவ்வுறுப்பைப் பற்றுகின்ற கையின் செயலையும், அக்கையுள் அடங்கும் அளவையும் ஒருங்கே குறிக்கின்றது. கத்தியின் பிடி, பிடித்த பிடி, ஒரு பிடி நெல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லால் வழங்குதல் தற்செயலன்று. கையையே அளவாகக் கொண்டு கருவி செய்த மக்களின் வழக்கு அது. எனினும் மடக்குக் கத்தியைப் பொறுத்தமட்டில் உறுப்பாகிய பிடியும் செயலாகிய பிடியும் ஒன்றல்ல. இவ்விரண்டும் பிரிந்து நின்ற விதமே அக்கத்தியின் வரலாறு எனலாம்.

பிடியின் சிறப்பை முதலில் உணர்ந்து எழுதியோர் போர்வீரரல்லர், மருத்துவரே. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் அறுவைக் கருவிகளின் நல்லிலக்கணங்களை வரிசைப்படுத்துமிடத்து, பற்றுதற்கு எளிதாயிருத்தலையே முதலில் வைத்து, நல்லிரும்பையும் நல்ல கூரையும் அதன் பின்னரே கூறுகின்றது. அதனினும் சுவையான செய்தி ஒன்று அங்குண்டு. விருத்திபத்திரம் என்னும் கத்தியைக் காம்பிற் பிடிக்குமாறு அந்நூல் விதிக்கவில்லை. காம்பும் அலகும் கூடுகின்ற இடத்திற் பிடிக்குமாறு விதிக்கின்றது. பிடி செய்யப்பட்ட இடம் ஒன்று, பிடிக்கும் இடம் மற்றொன்று என்ற உண்மை மிகப் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தமைக்கு இது சான்றாகும். இவ்வுண்மையைப் பின்னர் நாள்தோறும் கையாண்டவர் நாவிதர்.

அம்பாறை மாவட்டத்திலே, கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் அமைந்துள்ளது நாவிதன்வெளி. மாரிவெள்ளம் பெருகும்போது தாம்போதியை நீர் மேவுவதும் போக்குவரத்துத் தடைப்படுவதும் அப்பகுதி மக்கள் பழகிப்போன துன்பங்கள். தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழ்ந்து வேளாண்மை செய்யும் பிரதேசம் அது. மட்டக்களப்பு வழக்கில் வெளி என்பது பரந்த வயல்நிலத்தைக் குறிக்கும்; வெல்லாவெளி முதலிய ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிலைபெற்றுள்ளது. நாவிதன்வெளி எனின் நாவிதனுக்குரிய வயல்வெளி என்பது நேர்ப்பொருள். ஊருக்குப் பணிசெய்த தொழிலாளருக்கு நிலத்தாலோ நெல்லாலோ பங்களித்தல் தமிழ்நிலமெங்கும் இருந்த வழக்கமே. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலிற் பணியாற்றியோருக்கு வகுத்த பங்குகளைக் கூறும் கல்வெட்டிலே நாவிசம் செய்வோரும் இடம்பெறுகின்றனர்.

இவ்வூர்ப்பெயருள் இருவகைக் கத்திகள் அடங்கியுள்ளன. ஒன்று வெளிக்குரியது; மற்றையது நாவிதனுக்குரியது. வெளிக்குரிய தாக்கத்தி மடங்குவதில்லை. நாவிதனுக்குரிய சவரக்கத்தி மடங்கும். இவ்வேறுபாட்டிலிருந்தே பிடியின் ஆராய்ச்சியைத் தொடங்குதல் பொருத்தமாகும்.

வேளாண்மை வெட்டுக்குரிய தாக்கத்தி காலை முதல் மாலை வரை ஒரே கையில் இருப்பது. குனிந்த உடலும் வியர்த்த உள்ளங்கையும் ஓயாத இழுவையுமாக அது தொழிற்படும். ஆகவே அதன் பிடி உருண்டு திரண்ட மரத்தாலாயது. அலகின் வாலைக் காய்ச்சி மரத்துட் செருகி, மரம் பிளவாதபடி வாயிலே இரும்புப் பூணிட்டு இறுக்குவது கம்மாலையின் முறை. உள்ளங்கை முழுவதும் அப்பிடியிற் படிகின்றது. விரல் நான்கும் அதனைச் சுற்றி வளைகின்றன. புதுப்பிடி கையைக் கொப்புளிக்கச் செய்யும். சில போகம் கழிந்தபின் மரம் வழுவழுப்பாகி, உரியவரின் கைக்கே இசைந்த வடிவைப் பெற்றுவிடும். மரப்பிடி வியர்வையை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளுதலும் அதன் நன்மைகளுள் ஒன்று. நாள் முழுவதும் வலிந்து வேலை செய்வதற்கென எழுந்த கத்தி எதுவும் மடக்குக் கத்தியாக அமையாதது ஏன் என்பதற்கு இங்கேயே விடை கிடைக்கின்றது. வயலுக்குப் போகிறவர் கத்தியைக் கையிற் கொண்டுபோகலாம். கூரையிற் செருகி வைக்கலாம். மடித்து மறைக்க வேண்டிய தேவை அவருக்கில்லை.

மடக்குக் கத்தி பயணஞ் செய்வோரின் கருவி. ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னுமிடத்திற் கிடைத்த எலும்புப்பிடி மடக்குக் கத்தி கி.மு. 6ஆம் நூற்றாண்டளவினதாகக் கணிக்கப்படுகின்றது. உரோமர் காலத்தில் இவை பெருகின. கேம்பிரிட்ஜ் பிற்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலுள்ள கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கருவி ஒன்றிலே கத்தி, கரண்டி, முள் முதலியன ஒரே உடலில் மடங்குகின்றன. மடியில், பையில், குதிரைச் சேணத்தில் ஊறின்றிக் கொண்டுசெல்லத் தக்கதாகக் கூரை மறைத்தலே இக்கத்திகளின் முதல் நோக்கம்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. நிலையான கத்தியின் பிடி ஒரு வேலை மட்டுமே செய்வது. அது கைக்கு உரியது. மடக்குக் கத்தியின் பிடியோ முதலில் அலகுக்கு உறை. பின்னரே கைக்குப் பிடி. அலகு உள்ளே அடங்குதற்கு நடுவே பிளவு வேண்டும். பிளவு இருப்பதால் இரு ஓரங்கள் உண்டாகின்றன. அழுத்திப் பிடிக்கும்போது அவ்வோரங்கள் விரல்களின் உட்புறத்தை அறுக்கின்றன. சட்டைப்பையில் அடங்கவேண்டுமாதலாற் பிடி தட்டையாகின்றது. தட்டையான பிடி உள்ளங்கையை நிரப்புவதில்லை. விரல் நான்கும் வசதியாகப் படிவதற்கு ஏறத்தாழ 10 சதமமீற்றர் நீளம் வேண்டும். பைக்கத்திகள் பலவற்றில் அந்நீளம் இல்லை. ஆகவே சிறுவிரல் பற்றுக்கோடின்றித் தொங்குகின்றது. உறைக்கு நல்லது கைக்குத் தீதாகவும், கைக்கு நல்லது பைக்குப் பாரமாகவும் முடிகின்றன. மடக்குக் கத்தி செய்தோர் அனைவரும் இம்முரண்பாட்டைத் தீர்க்க முயன்றவர்களே.

நாவிதர் கண்ட தீர்வு வியக்கத்தக்க துணிவுடையது. பிடியை அவர் உறையாகவே விட்டுவிட்டார். பிடித்தலை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

சவரக்கத்தியை விரித்து நோக்கினால் இது விளங்கும். அலகின் அடியிலே கழுத்துப்போல் ஒடுங்கிய தண்டு ஒன்றுண்டு. அதற்கும் பின்னே சிறியதொரு வால் வளைந்து நிற்கும். கொம்பாலோ மரத்தாலோ இயன்ற இரு தகடுகள், இரு முனையும் தட்டிப் பரத்திய ஓர் ஆணியைச் சுற்றிச் சுழல்வன. காண்போர் அத்தகடுகளையே பிடி என்பர். தொழில் செய்யும்போதோ அவை கையில் அகப்படுவதில்லை. பெருவிரல் தண்டின் அடிப்புறத்தைத் தாங்க, மூன்று விரல்கள் தண்டின் முதுகிற் படிய, சிறுவிரல் வாலின்மேல் அமரும். தகடுகள் பின்னே விரிந்து விரல்களுக்கு மேலாக நிமிர்ந்து நிற்கும். அலகின் பாரத்துக்கு எதிர்ப்பாரமாக நின்று கத்தியின் நிறையைச் சமன்செய்தல் மட்டுமே அப்போது அவற்றின் பணி. சவர்க்கார நுரையால் நனைந்த கையிலும் கத்தி வழுவாதிருத்தற்குக் காரணம் இறுக்கமன்று, இச்சமநிலையே.

இறுகப் பிடித்தல் நாவிதத் தொழிலிற் குற்றமாகும். இறுகப் பிடித்த கை அலகின் நுண்ணிய அதிர்வை உணராது. தோலின் மேட்டையும் பள்ளத்தையும், முடி வளர்ந்த திசையையும், மரு ஒன்று குறுக்கிடுவதையும் அலகின் வழியே விரல்நுனிகள் அறிதல் வேண்டும். தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அலகை வைத்து, மோவாயின் வளைவுக்கேற்ப அச்சரிவு மாறாமற் காத்தல் உள்ளங்கையால் ஆகாத காரியம். பிடியின் சுகம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பிடிப்பவரின் சுகத்தையே கருதுவர். சவரக்கத்தியைப் பொறுத்தவரையில் அது அலகின் கீழே கழுத்தை நீட்டிக் கண்மூடி இருப்பவரின் சுகமுமாகும்.

கீழ்க்கரையின் வாழ்விலே இக்கைக்கு இருந்த இடம் பெரிது. அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டிலிருந்து களஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட விரிவான நூலிலே, இந்துக்களுக்குப் பணிசெய்த நாவிதக் குடியினரையும், முஸ்லிம்களிடையே அத்தொழிலை மேற்கொண்ட ஒஸ்தாக்களையும் தனித்தனியே எடுத்துக்கூறுகின்றார். ஆசான், தொழில்வல்லுநன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபே ஒஸ்தா. பிறந்த ஏழாம் நாளிற் குழந்தையின் முடி களைதலும், பின்னர்ச் சுன்னத்துச் செய்தலும் முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தாவின் கைக்குரியனவாயிருந்தன. சுன்னத்து இன்று பெரும்பாலும் வைத்தியர்களின் கைக்கு மாறிவிட்டது. இந்துக்களின் மரணச் சடங்குகளில் நாவிதர் இன்றியமையாதவராயிருந்தார். பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி இன்னும் மூடாத தலையிலே கத்தி ஓடவேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போருக்குச் சிறுவிரல் வாலின்மேல் அமர்வதன் பொருள் விளங்கும். பிறப்பிலும் இறப்பிலும் வேண்டப்பட்ட அக்கை, இடைப்பட்ட நாட்களிற் சமூகத்தின் கீழ்ப்படியில் நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. இலண்டனில் நாவிதரும் சத்திரவைத்தியரும் 1540இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர், 1745இற் பிரிந்தனர். பிரிந்தபின் ஒரு சாராருக்கு மதிப்பு உயர்ந்தது; மறு சாராருக்குக் கத்தி மட்டும் எஞ்சியது.

நாவிதர் வீடு வீடாகச் சென்று தொழில் செய்தவர். கல், கண்ணாடி, கத்திரி, கிண்ணம் ஆகியவற்றோடு கத்தியையும் அடைப்பத்தில் இட்டுச் சென்றார். மடங்கும் கத்தி அவருக்கு ஏன் வேண்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். அதேபோலப் பயணஞ் செய்த மற்றொரு கை, ஏடெழுதுவோரின் கை. தமிழர் தமக்கென ஆக்கிக்கொண்ட மடக்குக் கத்தி எது என வினவின், மடக்கெழுத்தாணியையே விடையாகக் கூறல் வேண்டும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர், 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த தமது ‘என் சரித்திரம்’ நூலிலே, மடக்கெழுத்தாணி, வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி என எழுத்தாணி வகைகளை விளக்கிச் செல்கின்றார். இவற்றுள் மடக்கெழுத்தாணியின் பிடியினுள் ஒருபால் எழுத்தாணியும் ஒருபாற் கத்தியும் மடங்கும். ஓலையை வாரி ஒழுங்குசெய்யக் கத்தி, எழுத எழுத்தாணி. இரண்டையும் உள்ளே மடித்துவிட்டால் கையடக்கமான ஒரு துண்டு மட்டுமே புறத்தே தோன்றும். சுவிற்சர்லாந்துப் படைவீரரின் பற்கருவிக் கத்தியைக் கண்டு வியப்போர், அவ்வகைச் சிந்தனை தமிழ்ப் புலவரின் மடியிலும் இருந்தமையை மறந்துவிடலாகாது.

எழுத்தாணிப் பிடித்தல் பேனாப் பிடித்தல் போன்றதன்று. மை தானாக ஓடும். ஓலையிலோ எழுத்தைக் கீறவேண்டும். இடக்கை ஓலையைத் தாங்கும். இடக்கைப் பெருவிரல் நகத்திலே சிறியதொரு பள்ளம் அமைத்து, எழுத்தாணியின் முனைக்கு அதனைத் தாங்கலாகக் கொள்வது எழுதுவோரின் வழக்கம். வலக்கை எழுத்தாணியைப் பிடியோடு சேர்த்து உள்ளங்கையுட் பொதிந்து அழுத்த, இடக்கை ஓலையை மெல்ல நகர்த்தும். வலக்கை அதிகம் இடம்பெயர்வதில்லை. ஆகவே நாவிதர் கைவிட்ட பிடியை எழுத்தாளர் கைவிட முடியவில்லை. உறையாகிய பிடியையே அவர் அழுத்திப் பற்றவேண்டியிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிச் சென்றமை நன்கறியப்பட்ட செய்தி. அம்மாணாக்கரின் உள்ளங்கையைப் பற்றி இலக்கிய வரலாறுகள் எதுவும் கூறுவதில்லை. விரைந்து பாயும் புலமைக்கு ஈடுகொடுத்தது ஒரு மரப்பிடியும் அதனை அழுத்திய விரல்களுமே.

இக்கருவியில் உறைக்கும் கைக்கும் இருந்த முரண்பாடு தணிந்து நின்றமைக்கு ஒரு காரணமுண்டு. இரு கருவிகளை உட்கொள்ளவேண்டியிருந்தமையாற் பிடி இயல்பாகவே தடித்தது. தடித்த பிடி உள்ளங்கையை நிரப்பிற்று. கீழ்மாகாணத்தின் கோயில்களிற் படிக்கப்பட்ட கண்ணகி வழக்குரை போன்ற நூல்கள் தலைமுறை தலைமுறையாக ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதப்பட்டன. எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும் ஏட்டுவழி வந்ததே. ஓர் ஏட்டின் இறுதியில் எழுதியவரின் பெயர் சில வேளைகளில் இருக்கும். எழுத்தாணி செய்த கொல்லரின் பெயரை எந்த ஏடும் கூறாது.

கடதாசியும் அச்சும் பரவியபின் மடக்கெழுத்தாணி அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதன் இடத்திற் பைக்குள் வந்து புகுந்தது வில்லுக்கத்தி. ஈழத்துத் தமிழர் வழக்கில் வில்லுக்கத்தி என்னும் பெயரே அதன் பொறிமுறையைக் கூறிவிடுகின்றது. பிடியின் முதுகிலே பொருத்தப்பட்ட எஃகு வில் ஒன்று, அலகை விரித்த நிலையிலும் மடித்த நிலையிலும் அழுத்தி நிறுத்தும். இவ்வமைப்பு 17ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிற் செம்மை பெற்றது. அந்நகர்க் கத்தித் தொழிலாளரின் கூட்டமைப்பு 1624இற் சட்டபூர்வமாக நிறுவப்பட்டது. அலகை அடிப்போர், சாணை பிடிப்போர், பிடி பொருத்துவோர் என அங்கே தொழில் பிரிந்திருந்தது. ஒரு கம்மாலையில் ஒருவரே செய்த வேலை அங்கு மூவர் கையாயிற்று. தாக்கத்தி செய்யும் கொல்லர் அதனை வாங்குபவரின் கையைப் பார்த்துப் பிடி போடலாம். ஷெபீல்டிற் பிடி பொருத்தியவர் தாம் செய்த கத்தி எக்கடலைத் தாண்டி எவர் கையிற் சேரும் என்பதை ஒருபோதும் அறியார்.

ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தார் இவ்வகைக் கத்திகளைக் கீழைநாடுகளெங்கும் பரப்பினர். விண்மீனும் மால்ட்டாச் சிலுவையும் பொறித்த அவர்களின் முத்திரை 1682ஆம் ஆண்டில் முதன்முதற் பதியப்பட்டது. அவர்களின் பெயர் இலங்கையிலே ‘மிகச் சிறந்தது’ என்னும் பொருளிற் பேச்சுவழக்காகத் திரிந்து நின்றதென ஷெபீல்டின் தொழில் வரலாற்றை எழுதியோர் பெருமையுடன் எடுத்துரைப்பர். வணிகப் பெருமை சற்று மிகையாகவும் இருக்கலாம். எனினும் ஓர் ஊரின் கத்தி மற்றோர் ஊரின் அடைமொழியாகும் அளவுக்கு இறக்குமதி பெருகியிருந்தது என்பதை அது உணர்த்தும்.

அக்கத்திகளின் பிடிப்பொருள்களைக் கவனித்தல் வேண்டும். யானைத்தந்தம், எருமைக்கொம்பு, முத்துச்சிப்பி, மான்கொம்பு ஆகியன உயர்ந்தவையாகக் கருதப்பட்டன. ஷெபீல்டில் மான்கொம்பு எனப் போற்றப்பட்டது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து சென்ற மரைக்கொம்பு. ஐரோப்பிய மானின் கொம்பினும் இது உள்ளே கெட்டியானது. இதன் மேற்பரப்பு இயற்கையாகவே முரடானது. நீளவாக்கிற் பள்ளமும் மேடுமாக அமைந்தது. நனைந்த கையிலும் வழுக்காமைக்கு இம்முரட்டுத்தன்மையே காரணம். அதாவது ஒரு நல்ல பிடிக்கு வேண்டிய பண்பு தென்னாசியக் காடுகளிலே விலங்கின் தலையில் முளைத்து, கப்பலேறிச் சென்று, கத்தியாகத் திரும்பி வந்து விலைக்கு விற்கப்பட்டது. மரைக்கொம்பு அருகியபோது மாட்டெலும்பிலே பொறியாற் பள்ளங்கள் வெட்டி அதன் தோற்றம் போலியாக ஆக்கப்பட்டது. பின்னர் செலுலோயிட்டிலும் பிளாஸ்ரிக்கிலும் அப்பள்ளங்கள் வார்க்கப்பட்டன. வார்த்த பள்ளம் கண்ணுக்குக் கொம்பு போலத் தோன்றும். வியர்த்த கைக்கு அது தோன்றாது.

மரை இன்றும் கல்லோயாக் காடுகளில் வாழ்கின்றது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1954இற் பிரகடனமான கல்லோயாத் தேசிய வனமும் அதற்குக் காப்பாக அமைந்தன. மனிதன் கைக்கு இதமாயிருக்கும் பொருட்டு ஒரு விலங்கினம் குறையவேண்டுமா என்னும் வினா, அழகிய பழங்கத்திகளைப் போற்றுவோர் எளிதிற் கடந்துசெல்லும் வினாவாகும்.

வில்லுக்கத்தியின் பெருங்குறை ஒன்றுண்டு. வில் அலகை அழுத்தி நிறுத்துமேயன்றிப் பூட்டி நிறுத்தாது. அலகின் முதுகிற் பலமாக அழுத்தினாலோ, துளையிடுதற்கு முனையைக் குத்தினாலோ அது விரல்களின்மேல் மடங்கிவிடும். இதனால் அதனைப் பிடிக்குங் கை எப்போதும் சிறிது அஞ்சியே பிடிக்கின்றது. பிற நாட்டார் இதற்கு வெவ்வேறு வழிகளைத் தேடினர். பிரான்சின் சவோய் மலைநாட்டிலே ஜோசப் ஒப்பினெல் 1890இற் செய்த உழவர் கத்தி வில்லற்றது. உருண்ட மரத்துண்டே அதன் பிடி. நடுவிலே சிறிது பருத்து, அடியிலே மீன்வால் போல விரிந்து நிற்பதால் அது கைக்குள் நழுவாது. 1897இல் அளவு வாரியாக இலக்கமிடப்பட்டது. 1955இலேயே வளையப் பூட்டுச் சேர்க்கப்பட்டது. அதன் 8ஆம் இலக்கக் கத்தியின் பிடி 11 சதமமீற்றர் நீளமுடையது. விரல் நான்கும் அதில் அமர்கின்றன. ஈரத்தில் மரம் ஊதி அலகை உள்ளே சிறைப்படுத்திவிடும் என்பது அதன் குறை. பிடியின் அடியை ஒரு கட்டையில் தட்டி அலகை வெளிவரச் செய்வது சவோய் மக்களின் கைப்பழக்கம். கீழ்க்கரையின் மாரியில் அக்கத்தி படும் பாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

சுவிற்சர்லாந்திலே கார்ல் எல்செனர் 1891 முதற் படைக்கு வழங்கிய வீரர் கத்தியும், 1897இற் பதிவுசெய்த அதிகாரிக் கத்தியும் மடக்கெழுத்தாணியின் வழியையே அறியாமற் பின்பற்றின எனலாம். கருவிகள் கூடக்கூடப் பிடி தடித்தது. இன்றைய வழமையான அளவாகிய 91 மில்லிமீற்றர் ஒரு பெரிய கைக்குக் குறுகியதே. ஆயினும் தடிப்பு அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. யப்பானின் மீக்கி நகரிலே 1890களில் எழுந்த ஹிகோனோகாமி என்னும் கத்தி இவற்றிற்கெல்லாம் நேர்மாறானது. மடித்த இரும்புத் தகடே அதன் பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியிலிருந்து நீண்டு நிற்கும் சிறிய நெம்பைப் பெருவிரல் அழுத்திக்கொண்டிருக்கும் வரையிலேதான் அலகு நிற்கும். கையே அங்குப் பூட்டாகின்றது. பள்ளிச் சிறுவர் அதனாற் பென்சில் சீவினர். கருவியில் இல்லாததைக் கையாற் பெறுதல் என்னும் வகையில் அது நாவிதரின் கத்திக்கு உறவுடையது.

நாவிதரின் கைக்குக் கலைச்சொல் 1956இலேயே கிடைத்தது. அவ்வாண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் நேப்பியர் என்னும் உடற்கூற்றியலாளர், மனிதக் கை பற்றும் முறைகளை வலிமைப் பிடி, நுண்பிடி என இரண்டாக வகுத்தார். உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து பொதிதல் முன்னையது. பெருவிரலும் விரல்நுனிகளும் எதிர்நின்று தாங்குதல் பின்னையது. பிடியைத் தீர்மானிப்பது பொருளின் வடிவம் மட்டுமன்று, செய்யக் கருதிய செயலே என்பது அவரின் முடிபு. தாக்கத்தி வலிமைப் பிடிக்கும் சவரக்கத்தி நுண்பிடிக்கும் தக்க உதாரணங்கள். எழுத்தாணி இரண்டையும் ஒருங்கே வேண்டியது. வில்லுக்கத்தியோ எச்செயலுக்கு என வரையறுக்கப்படாதது. பாக்குச் சீவவும், கயிறு அறுக்கவும், மாங்காய் வெட்டவும், பென்சில் கூராக்கவும் அதுவே. எல்லாச் செயலுக்குமெனச் செய்யப்பட்டமையால் எச்செயலுக்கும் அதன் பிடி முற்றப் பொருந்துவதில்லை. சிறிது நேர வேலைக்கு அக்குறை தோன்றாது. அரைமணி நேரம் தொடர்ந்து மரம் சீவியவர் தமது சுட்டுவிரலின் பக்கத்தைப் பார்த்தால் தோன்றும்.

அண்மைக்காலக் கத்திகளிலும் பழைய முரண்பாடு புதுவடிவில் தொடர்கின்றது. 1981இல் அமெரிக்க நிறுவனமொன்று அறிமுகஞ்செய்த மடக்குக் கத்தி, சட்டைப்பையின் விளிம்பிற் கொளுவுவதற்கான உலோகக் கவ்வியைப் பிடியிலேயே கொண்டிருந்தது. ஒரு கையாற் திறக்கத்தக்க துளையும் அலகில் இருந்தது. இவ்வமைப்பு உலகெங்கும் பின்பற்றப்பட்டது. பைக்கு உதவிய அக்கவ்வியே, கத்தியை அழுத்திப் பிடிக்கும்போது உள்ளங்கையின் ஓரிடத்திற் குத்துகின்றது. கொண்டுசெல்வதற்குச் செய்த வசதி பிடிப்பதற்கு இடையூறாதல் ஹால்ஸ்டாட் காலத்திலிருந்து மாறாத விதியாகவே காணப்படுகின்றது.

நாவிதன்வெளிப் பக்கத்திலும் கல்முனைக் கடைத்தெருவிலும் உள்ள சலூன்களில் இன்று பயன்படும் கத்தி, அலகைச் சாணையிலும் தோலிலும் தீட்ட வேண்டாதது. பாதியாக முறித்த பிளேட்டு ஒன்றைச் செருகி, ஒருவருக்குப் பயன்படுத்தியபின் எறிந்துவிடலாம். இரத்தத்தாற் பரவும் நோய்களைத் தடுக்க அது நல்ல ஏற்பாடே. கொம்புத் தகடுகளுக்குப் பதிலாகத் தகரமோ பிளாஸ்ரிக்கோ வந்துவிட்டது. கருங்காலியையும் கொம்பையும் தேய்த்துப் பிடி செய்த கைகள் அங்கே தேவைப்படுவதில்லை. ஆயினும் அக்கத்தியை விரித்தவுடன், தொழில் கற்ற இளைஞரின் பெருவிரல் தண்டின் அடிக்குச் செல்கின்றது. மூன்று விரல்கள் முதுகிற் படிகின்றன. சிறுவிரல் தானாகவே வாலைத் தேடி அமர்கின்றது. பிளாஸ்ரிக் தகடு பின்னே நிமிர்ந்து, எவர் கையும் படாமல் நிற்கின்றது.